பட்டமா, திறனா, தொடர்பா? தகவல் தொழில்நுட்ப வேலையில் நுழைவும் உயர்வும்

தகவல் தொழில்நுட்ப வேலை ஒருவருக்குக் கிடைப்பதையும், கிடைத்த வேலையில் அவர் மேலே போவதையும் எது தீர்மானிக்கிறது? கணினிக்கு நிரல் எழுதுவது சம்பளம் வாங்கும் தொழிலாக மாறிய 1950களிலிருந்து இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. பிறவியிலேயே அமைந்த தர்க்க அறிவு என்றார்கள் உளவியலாளர்கள். கல்வி என்றார்கள் பொருளியலாளர்கள். பட்டம் என்பது கல்வியே அல்ல, வெறும் அடையாளச் சீட்டு என்றது அவர்களிலேயே இன்னொரு அணி. சமூகவியலாளர்கள் தொடர்பையும் குடும்பப் பின்னணியையும் சாதியையும் சுட்டினார்கள். ஒவ்வொரு விடைக்கும் சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றுகளில் பெரும்பாலானவை நுழைவைப் பற்றியவை. உயர்வு வேறு விதிகளின்படி நடப்பதாகவே தோன்றுகிறது. இரண்டையும் ஒரே கேள்வியாகப் பாவித்ததே இந்த விவாதத்தின் பல குழப்பங்களுக்குக் காரணம்.

பிறவித் திறன் என்ற முதல் விடை

கணினி அறிவியல் என்ற பட்டப்படிப்பு உருவாகும் முன்பே நிறுவனங்களுக்கு நிரலாளர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். படித்தவர் இல்லாதபோது படிக்கக்கூடியவரைக் கண்டுபிடிப்பது எப்படி? ஐபிஎம் நிறுவனம் 1955 வாக்கில் ஒரு திறனறித் தேர்வை உருவாக்கியது. எண் தொடர்கள், வடிவ ஒப்புமைகள், கணக்குப் புதிர்கள் ஆகியவை அதன் உள்ளடக்கம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலானவை நிரலாளர்களை எடுக்க ஏதாவதொரு திறனறித் தேர்வைப் பயன்படுத்தின என்று வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் பதிவு செய்திருக்கிறார். இன்று இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் கேம்பஸ் தேர்வில் முதல் சுற்றாக வரும் 'ஆப்டிட்யூட்' தேர்வு இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அந்தத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் வேலையில் காட்டிய திறமைக்கும் இருந்த தொடர்பு மிகப் பலவீனமானது. இது அப்போதே தெரிந்திருந்தது. தேர்வு மட்டும் தொடர்ந்தது. 1966இல் வில்லியம் கேனனும் டாலிஸ் பெர்ரியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரலாளர்களின் விருப்பங்களை ஆராய்ந்து, அவர்களுக்குப் புதிர்கள் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லை என்ற சித்திரத்தை வரைந்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் சாயலை அளவுகோலாக்கி, அதே சாயலில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் சுழற்சி இப்படித் தொடங்கியது.

சிறந்த நிரலாளர் சுமாரானவரைவிடப் பல மடங்கு வேகமானவர் என்ற, இன்றும் உலவும் நம்பிக்கையும் அதே காலத்தது. அதன் மூலம் 1968இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. பிழை நீக்கும் பணியில் ஒருவருக்கும் மற்றவருக்கும் 28 மடங்கு வரை வித்தியாசம் இருந்ததாக அது கூறியது. ஆனால் அந்த ஆய்வின் நோக்கமே வேறு. கணினி முன் நேரடியாக அமர்ந்து வேலை செய்வது மேலா, காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மேலா என்று பார்ப்பதற்காக நடந்தது அது. கலந்துகொண்ட அனுபவசாலிகளோ ஒரு டஜன் பேர். அவ்வளவு சிறிய சோதனையின் ஓரத்தில் கிடைத்த எண் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சம்பள வித்தியாசங்களுக்கு நியாயமாகச் சொல்லப்பட்டு வருகிறது. திறமையில் வித்தியாசம் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. அது பிறப்பிலேயே அமைந்தது, முன்கூட்டியே ஒரு மணி நேரத்தில் அளந்துவிடலாம் என்பதற்குத்தான் ஆதாரம் போதவில்லை.

பட்டம்: பயிற்சியா, சல்லடையா?

கேரி பெக்கர் 1964இல் முன்வைத்த மனித மூலதனக் கோட்பாட்டின்படி, கல்வி ஒருவரின் உற்பத்தித் திறனைக் கூட்டுகிறது. கூடிய திறனுக்குச் சந்தை கூடுதல் கூலி தருகிறது. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் இதற்கு எதிரான வாதத்தை வைத்தார். விண்ணப்பிப்பவரின் திறமை முதலாளிக்குத் தெரியாது. கடினமான படிப்பை முடிப்பது திறமைசாலிக்கு எளிது, மற்றவருக்குச் சிரமம். ஆகவே, வகுப்பறையில் எதையுமே கற்காவிட்டாலும் பட்டம் ஓர் அடையாளமாகப் பயன்படும் என்றார். அடையாளத்துக்காக எல்லோரும் படித்தால் பட்டத்தின் மதிப்பு தேய்ந்து, அதே வேலைக்கு இன்னும் பெரிய பட்டம் கேட்கப்படும் என்று 1976இல் எச்சரித்தவர் ரொனால்ட் டோர். இந்தியாவும் இலங்கையும் போலத் தாமதமாகத் தொழில்மயமாகும் நாடுகளில் இந்த நோய் கடுமையாக இருக்கும் என்பது அவர் கணிப்பு.

தமிழ்நாட்டை இந்த மூன்று கோட்பாடுகளுக்கும் சோதனைக்களம் என்றே சொல்லலாம். 1980களின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த கால் நூற்றாண்டில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. 2007 முதல் நுழைவுத்தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண் கட்-ஆஃப் மட்டுமே கவுன்சலிங்கில் இடத்தைத் தீர்மானித்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. இந்த வாசல்கள் திறந்த காலமும் சென்னையில் டைடல் பார்க் தொடங்கி பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்று. சிவில், மெக்கானிக்கல், ஏன் டெக்ஸ்டைல் படித்தவர்கள்கூட மென்பொருள் நிறுவனங்களில் சேர்ந்தார்கள்.

துணி நெசவுத் தொழில்நுட்பம் படித்தவரை ஜாவா எழுத எடுப்பதை மனித மூலதனக் கோட்பாட்டால் விளக்குவது கடினம். இன்போசிஸ் மைசூரு வளாகத்தில் புதியவர்களுக்குப் பல மாதப் பயிற்சி தருகிறது; மற்ற பெரிய சர்வீஸ் கம்பெனிகளும் தங்கள் செலவிலேயே பயிற்சி தருகின்றன. கல்லூரி கற்பித்திருந்தால் இந்தச் செலவு தேவைப்பட்டிருக்காது. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, நிலுவையில் அரியர் இருக்கக்கூடாது என்று பல நிறுவனங்கள் வைக்கும் நிபந்தனையும் ஸ்பென்ஸ் சொன்ன சல்லடைக்கே பொருந்துகிறது. பதினைந்து வயதில் எழுதிய சமூக அறிவியல் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் தரவுத்தள வினவலுக்கும் என்ன உறவு என்று எந்த மனிதவளத் துறையும் விளக்கியதில்லை.

இருந்தாலும் படிப்பில் கற்பது எதுவுமில்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கா, சீனா, இந்தியா, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் இறுதியாண்டுக் கணினி அறிவியல் மாணவர்களை ஒரே தேர்வால் அளந்த ஆய்வு ஒன்று 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. அமெரிக்க மாணவர்கள் தெளிவாக முன்னிலையில் இருந்தார்கள். மற்ற மூன்று நாட்டினருக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லூரி எங்கே, எப்படிக் கற்பிக்கிறது என்பதால் திறன் மாறுகிறது என்பதற்கு இது ஆதரவு. அதேசமயம், இந்தியப் பட்டதாரி மட்டும் தனியாகப் பின்தங்கிக் கிடக்கிறார் என்ற புலம்பலை இது ஆதரிக்கவில்லை.

அந்தப் புலம்பலுக்கும் வரலாறு உண்டு. தொழில்நுட்பப் பட்டதாரிகளில் கால் பங்கினரே பன்னாட்டு வேலைக்குத் தகுதியானவர்கள் என்று நாஸ்காம்–மெக்கின்சி அறிக்கை 2005இல் சொன்னது. நிரலை முறையாக எழுதத் தெரிந்தவர்கள் 5 சதவீதம்கூட இல்லை என்றது ஆஸ்பயரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 2017இல். இத்தகைய எண்கள் தலைப்புச் செய்தியாகி, பெற்றோரை அச்சுறுத்தி, கூடுதல் பயிற்சிக்குக் கூட்டம் சேர்க்கின்றன. திறனறித் தேர்வுகளை விற்கும் நிறுவனமே திறன் இல்லை என்றும் அறிவிக்கிறது என்பதையும், தகுதியற்றவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை வைத்துத்தான் அதே ஆண்டுகளில் இந்தத் துறை பெரும் வளர்ச்சி கண்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பட்டத்தைத் தாண்டிய வழிகள்

பட்டத்துக்கு மாற்று தேடிய முயற்சிகள் பழையவை. 1981இல் என்ஐஐடியும் 1986இல் ஆப்டெக்கும் தொடங்கின. கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் கல்லூரியையே பார்க்காதவர்களுக்கும் மாலை நேர வகுப்பில் கணினி கற்பித்து, தொண்ணூறுகளில் சிறு நகரங்கள்வரை கிளை பரப்பின. 1993இல் சிஸ்கோவின் சிசிஐஇ சான்றிதழும் காம்ப்டியாவின் ஏ பிளஸ் சான்றிதழும் வந்தன. நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகம் ஆகிய பிரிவுகளில் இன்றும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. நிரல் எழுதும் பிரிவில் அந்த அளவுக்கு இல்லை. தொண்ணூறுகளின் இறுதியில் வினா விடையை மனப்பாடம் செய்து மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் வாங்கியவர்கள் பெருகி, அந்தத் தாளின் மதிப்பையே கெடுத்தார்கள். டோர் பட்டத்துக்குச் சொன்னது சான்றிதழுக்கும் பலித்தது.

இன்னொரு வழி, நிறுவனமே பள்ளியாவது. ஜோஹோ 2005இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து வேலையும் தருகிறது. பின்னர் தென்காசியிலும் அதைத் தொடங்கியது. எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ திட்டமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. பிஎஸ்சி, பிசிஏ முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலையோடு சேர்த்து மேற்படிப்பும் தருவது விப்ரோவின் பழைய ஏற்பாடு. இவை நடைமுறையில் இயங்குவதே, பட்டம் இல்லாமலும் இந்த வேலையைக் கற்க முடியும் என்பதற்குச் சான்று. ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் கற்றவர் வெளியே வேறு வேலை தேடும்போது அவருடைய பயிற்சிக்குச் சந்தையில் என்ன மதிப்பு கிடைக்கிறது என்பதே முக்கியமான சோதனை. அதைத் தொடர்ந்து கண்காணித்த சுயேச்சையான ஆய்வு அரிது.

அமெரிக்காவில் ஐபிஎம் தலைவராக இருந்த ஜின்னி ரோமெட்டி 2016இல் பட்டத்தைவிடத் திறனே முக்கியம் என்று பேசத் தொடங்கினார். பல நிறுவனங்கள் விளம்பரங்களிலிருந்து பட்ட நிபந்தனையை நீக்கின. ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட கணக்கு அந்த ஆரவாரத்தைத் தணித்தது: இந்த மாற்றத்தால் பட்டமில்லாதவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த வாய்ப்பு 700 நியமனங்களில் ஒன்றுக்கும் குறைவு. விளம்பரத்தை மாற்றுவது எளிது. நேர்காணல் அறையில் உட்கார்ந்திருப்பவரின் பழக்கத்தை மாற்ற அது போதவில்லை.

தெரிந்தவர், ஆங்கிலம், சாதி

மூன்றாவது விடை, வேலை என்பது தகுதியைவிடத் தகவலைப் பொறுத்தது என்பது. மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்த மார்க் கிரானோவெட்டர், பாதிக்கு மேற்பட்டோர் அறிமுகமானவர் வழியாகவே வேலை பெற்றதைக் கண்டார். அதிலும் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திப்பவர்களே அதிகம் உதவினார்கள் என்பது அவரது 1973 கட்டுரையின் புகழ்பெற்ற வாதம். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதை ஓரளவு உறுதிப்படுத்தியது; மிதமான அறிமுகமே அதிகப் பயன் தந்தது, டிஜிட்டல் துறைகளில் அந்தப் பயன் கூடுதல். இந்திய நிறுவனங்களில் ரெஃபரல் கொடுத்தவருக்கு ஊக்கத்தொகை தரும் வழக்கம் இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட ஏற்பாடுதான்.

அறிமுகம் யாருக்கு இருக்கும் என்ற அடுத்த கேள்வி சமூகவியலுடையது. கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் சென்னைத் தகவல் தொழில்நுட்பத் துறையினரிடையே ஆய்வு செய்து 2006 முதல் எழுதியவை இங்கே முக்கியமானவை. கிராமத்திலிருந்து வந்த மாணவர்களிடம் குறைவதாக எல்லோரும் சொல்லும் 'எக்ஸ்போஷர்' என்பதை அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். ஆங்கிலம் பேசும் சரளம், நகர்ப்புறப் பழக்கவழக்கம், அந்நியரிடம் தயங்காமல் உரையாடுவது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தன. பாடத்தில் முதல் மதிப்பெண் எடுத்தவர் கடைசிச் சுற்றில் நிற்பது இங்கேதான். சென்னை ஐஐடியை மையமாக வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய நூல் இன்னும் கடுமையான நிலைப்பாட்டை எடுக்கிறது: தகுதி என்று சொல்லப்படுவதே மேல்சாதியினர் தலைமுறைகளாகச் சேர்த்த மூலதனத்தின் மறுபெயர் என்பது அவர் வாதம்.

நேரடியான பாகுபாடு எவ்வளவு? சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருடைய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் சாத்தியம் மேல்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இரண்டாண்டு கழித்து வெளியான ஆய்வில் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் தில்லிப் பகுதியில் 371 வேலைகளுக்கு 3,160 விண்ணப்பங்களை அனுப்பி வேறு முடிவு கண்டார்கள். மென்பொருள் வேலைகளில் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று இல்லை. கால் சென்டர் வேலைகளில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய வேலைகளில் பேச்சும் பின்னணியும் எடைபோடப்படுகின்றன என்று இதை விளக்கலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த இரு ஆய்வுகளும் முதல் அழைப்பை மட்டுமே அளக்கின்றன. அதற்கு முன் எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதையும், அதற்குப் பின் நேர்காணலில் என்ன நடந்தது என்பதையும் அளக்கவில்லை. கேம்பஸ் தேர்வுக்கு எந்தக் கல்லூரிக்குப் போவது என்று நிறுவனம் முடிவு செய்யும்போதே வடிகட்டல் பாதி முடிந்துவிடுகிறது.

2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைக்கிறது; கல்லூரிப் பாடத்தோடு சந்தைக்கான திறன்களையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தருகிறது. குறை மாணவரிடம் இருக்கிறது என்ற அனுமானம் இதன் அடியில் உண்டு. தேர்ந்தெடுப்பவரின் அளவுகோலைத் தொடும் திட்டம் எதுவும் இதுவரை பெரிதாக முயலப்படவில்லை.

உள்ளே போன பின்

நுழைவைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டிருக்க, உயர்வைப் பற்றிய இலக்கியம் மெலிந்தது. அதன் பழைய வேர் பிலிப் கிராஃப்ட் 1977இல் எழுதிய நூல். நிரலாக்கம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, யோசிப்பவர் மேலாளராகவும் எழுதுபவர் கூலியாளாகவும் பிரிக்கப்படுகிறார்கள் என்றார் அவர். அவர் சொன்ன அளவுக்குத் திறன் தேய்ந்துவிடவில்லை. புதிய மொழிகளும் கருவிகளும் தொடர்ந்து புதுத் திறனைக் கேட்டன. ஆனால் இந்திய சர்வீஸ் கம்பெனிகளின் பிரமிடு அமைப்பைப் பார்த்தால் அவர் வாதத்தின் நிழல் தெரியும். அடியில் பெருந்திரளான பிரெஷர்கள். மேலே குறுகிக்கொண்டே போகும் டீம் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர் நிலைகள். புதியவருக்கான ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பது அடிப்பகுதி எவ்வளவு அகலம் என்பதைக் காட்டுகிறது. தொழில்நுட்பத்திலேயே தங்கி உயர விரும்புபவருக்கு ஆர்கிடெக்ட் என்ற தனி ஏணி இருந்தாலும், அதில் படிகள் குறைவு.

இந்தப் பிரமிடில் உயர மூன்று வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று ஆன்சைட், அதாவது வெளிநாட்டில் வாடிக்கையாளரின் இடத்துக்கே போய் வேலை செய்வது. 1990ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், அதற்குத் தேவைப்படும் எச்-1பி வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பை வைத்தது. 2001 முதல் 2003 வரை அது 1,95,000 ஆனது. 2004இல் பழைய வரம்புக்கே திரும்பி, பின்னர் அமெரிக்க மேற்பட்டதாரிகளுக்கு 20,000 சேர்ந்தது. ஒருவர் எந்த ஆண்டில் பட்டம் முடித்தார் என்பதே அவர் வாழ்க்கைப் பாதையை மாற்றும் அளவுக்கு இந்த எண்கள் ஏறி இறங்கின. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதும் இந்த வழி இன்னும் குறுகியது. திறமை இங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது, கம்பெனி மாறுவது. உள்ளேயே இருந்தால் அப்ரைசலில் ஒற்றை இலக்கத்தில் ஹைக், வெளியே போனால் அதைப்போலப் பல மடங்கு என்பது துறையினரின் பொது அறிவு. சிலிக்கான் பள்ளத்தாக்கு பாஸ்டனை முந்தியதற்கு இத்தகைய இடப்பெயர்ச்சி ஒரு காரணம் என்று அன்னாலீ சாக்செனியன் 1994இல் வாதிட்டார். ஆனால் இந்த வழி சந்தை சூடாக இருக்கும்போது மட்டுமே திறந்திருக்கிறது. இன்போசிஸில் வேலையை விட்டுப் போவோர் விகிதம் 2022 ஜூன் காலாண்டில் 28.4 சதவீதம், 2024 மார்ச்சில் 12.6. விசுவாசம் கூடியதால் அல்ல, போக இடம் குறைந்ததால் வந்த வீழ்ச்சி என்று கொள்வதே பொருத்தம்.

மூன்றாவது, மேலாளராவது. கூகுள் 2009 வாக்கில் தன் மேலாளர்களை ஆராய்ந்தபோது, நல்ல மேலாளரின் எட்டு இயல்புகளில் தொழில்நுட்ப அறிவு கடைசி இடத்தில் வந்தது. நுழைவுக்குக் கேட்ட திறன் வேறு, உயர்வுக்குக் கேட்கும் திறன் வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம். பேச்சு, ஒருங்கிணைப்பு, வாடிக்கையாளரைச் சமாளிப்பது ஆகியவை முன்னுக்கு வரும்போது 'எக்ஸ்போஷர்' மீண்டும் நுழைகிறது. வாசலில் கட்-ஆஃப் ஓரளவு ஈடுசெய்த வித்தியாசம் பத்தாண்டு கழித்து மேலாளர் நிலையில் திரும்ப வருகிறதா என்பது ஆராயத்தக்க ஐயம்.

பெண்கள் விஷயத்தில் அந்த ஐயத்துக்கு இடமே இல்லை. இந்தியத் துறையில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நுழைவு நிலையில் இன்னும் அதிகம். மேலே போகப் போக இந்தப் பங்கு சுருங்குகிறது. திருமணம், குழந்தை, இரவு நேர அழைப்புகள், ஆன்சைட் போக முடியாமை எல்லாம் நடுநிலையில் ஒன்றாக வந்து மோதுகின்றன. 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. அந்தச் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டியிருப்பதால் பெண்களை எடுக்கத் தயக்கம் கூடுமோ என்ற விவாதம் அதனுடனேயே பிறந்தது.

கீழ்ப்படிக்கு என்ன ஆகும்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பழைய கேள்வி புது உருவம் எடுத்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களிடம் எரிக் பிரின்யோல்ஃப்ஸன் குழு நடத்திய ஆய்வில், செயற்கை நுண்ணறிவுக் கருவியால் அதிகம் பயனடைந்தவர்கள் அனுபவமில்லாதவர்கள். இது பிரெஷர்களுக்கு நல்ல செய்தி போலத் தோன்றியது. 2025இல் அவரே பங்கெடுத்த இன்னொரு ஆய்வு, அமெரிக்காவில் 22 முதல் 25 வயதுள்ள மென்பொருளாளர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதி உச்சத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. அதே ஆண்டில் மெட்ர் என்ற அமைப்பின் சோதனையில், அனுபவமிக்க நிரலாளர்கள் கருவியோடு வேலை செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தார்கள்; வேகமாக முடித்ததாகவே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

இந்த முடிவுகளை ஒரே கோட்டில் நிறுத்த இன்னும் யாராலும் முடியவில்லை. அமெரிக்க வீழ்ச்சியில் வட்டி விகித உயர்வுக்கும் கொரோனா காலத்து அதீத ஆள்சேர்ப்புக்கும் எவ்வளவு பங்கு என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இந்தியாவில் அடி விழுந்த இடமும் வேறு: 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000க்கு மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுநிலை, உயர்நிலைப் பணியாளர்களே பாதிக்கப்படுவார்கள் என்றது. பிரமிடின் அடி தேய்கிறதா, இடுப்பு தேய்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறக்கூடும்.

தீராத பகுதி

இதுவரையிலான சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், பட்டம் பெருமளவு வடிகட்டியாகவே வேலை செய்கிறது என்ற தரப்பு இந்தியச் சூழலில் வலுவாக நிற்கிறது. பிறவித் திறன் தரப்பு பலவீனமானது. பட்டமில்லா வழி சாத்தியம். ஆனால் அது இன்னும் குறுகல். சாதியும் வர்க்கமும் அழைப்புக் கடிதத்தில் செயல்படுவதைவிட அதற்கு முன்னும் பின்னும் செயல்படுகின்றன என்பதே கிடைத்த முடிவுகளோடு அதிகம் பொருந்தும் வாசிப்பு. நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் போகவில்லை.

உயர்வைப் பற்றி இந்த அளவுக்குக்கூடச் சொல்ல முடியாததற்குக் காரணம் தரவு. 2010இல் ஒரே நாளில் சேர்ந்த ஆயிரம் பிரெஷர்களில் யார் எந்தக் கல்லூரி, எந்த ஊர், முதல் பட்டதாரியா, ஆணா பெண்ணா, இன்று எந்த நிலையில் இருக்கிறார் என்ற விவரங்களில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களின் மனிதவளப் பதிவுகளில் கிடக்கிறது. ஆண்டறிக்கைகளில் பாலினக் கணக்கு மட்டும் வெளிவருகிறது. மற்றவை வெளிவரும் வரை, பட்டத்துக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளைப் பற்றிய விவாதம் நேர்காணல்களையும் ஊகங்களையும் நம்பியே நடக்கும்.